ஜப்பானிய வாளும் என் தாத்தாவின் பாக்குவெட்டியும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

மகள் வீட்டுக்கு டோக்கியோ போய்வந்த படங்களை இங்கே போட்டிருந்தேன் அல்லவா? அதில் ஒரு படம் ரியோகோக்கு என்ற இடத்தில் உள்ள வாள் அருங்காட்சியகத்தின் வாசலில் எடுத்தது. சுமோ மல்யுத்த அரங்கத்துக்குப் பக்கம். அந்த ஒரு படத்துக்கு மட்டும் இரண்டு கேள்விகள் வந்தன.

முதல் கேள்வி பழைய மாணவன் ஒருவனுடையது. "சார், இருநூறு வருஷப் பழைய சாமுராய் வாள் என்று ஒருத்தர் விற்கிறார். படம் அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா?" படத்தில் நுனி முதல் அடி வரை கண்ணாடி போலப் பளபளக்கும் ஒரு வாள்.

இரண்டாவது கேள்வி என் அத்தையுடையது. வயது 88. பேரன் கைப்பேசியில் படத்தைக் காட்டியிருக்கிறான். அத்தை என்னைக் கூப்பிட்டு, "ஏண்டா தம்பி, அந்தக் கத்தியைப் போயா காசு குடுத்துப் பாத்துட்டு வந்தே?" என்று மட்டும் கேட்டு, போனை வைத்துவிட்டார்.

உறவினர்களுக்கு அந்தக் கேள்வியின் பொருள் புரியும். மாணவர்களுக்காகச் சொல்கிறேன். அத்தை பிறந்தது மலேயாவில், பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். தாத்தா அங்கே பால்மரம் வெட்டியவர். 1942இல் ஜப்பானியப் படை மலேயாவைப் பிடித்தது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடத் தோட்டத்துத் தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். சயாம் மரண ரயில் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1943இல் போன தாத்தா திரும்பவில்லை. தோட்டத்துக்கு வந்த ஜப்பானிய அதிகாரியின் இடுப்பில் தொங்கிய நீண்ட வாள்தான் அத்தைக்கு அந்த நாட்டைப் பற்றிய முதல் நினைவு.

ஆகவே வாங்கலாமா என்பது ஒரு கேள்வி, ரசிக்கலாமா என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் பதில் வரலாற்றில்தான் இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் சமூக அறிவியல் நடத்தியவனை வரலாறு சொல்லாமல் இருக்கச் சொன்னால் முடியுமா?

முதலில், வாள் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம்.

ஜப்பானில் நல்ல இரும்புத் தாது குறைவு. ஆற்று மணலிலும் மலைச் சரிவிலும் கிடைக்கும் இரும்பு மணல்தான் அவர்களுக்கு மூலப்பொருள். களிமண்ணால் கட்டிய பெரிய உலையில் இந்த மணலையும் மரக்கரியையும் மாற்றி மாற்றிக் கொட்டி, மூன்று பகல் மூன்று இரவு துருத்தி நிற்காமல் எரிப்பார்கள். இந்த உலைக்குத் ததாரா என்று பெயர். எரித்து முடிந்ததும் உலையையே உடைத்து உள்ளிருக்கும் எஃகுக் கட்டியை எடுப்பார்கள். அதில் பொறுக்கி எடுத்த நல்ல எஃகுதான் வாளுக்குப் போகும்.

கொல்லர் அந்த எஃகைக் காய்ச்சி, அடித்து, இரண்டாக மடித்து, மறுபடி அடிப்பார். இப்படிப் பத்துப் பதினைந்து தடவை. பத்து மடிப்புக்கு எத்தனை அடுக்கு? கணக்கு நோட்டை எடுங்கள். 1024. பதினைந்து மடிப்புக்கு 32,768. இதனால் அழுக்கு வெளியேறி எஃகு சீராகும். மேற்பரப்பில் மரத்தின் ரேகை போல நுண்ணிய வரிகளும் தெரியும்.

அடுத்ததுதான் முக்கியமான கட்டம். வாளின் முதுகுப் பக்கம் களிமண் குழம்பைத் தடிமனாகவும், வெட்டும் விளிம்பில் மெல்லிசாகவும் பூசுவார்கள். செக்கச்செவேலெனக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். மெல்லிசான விளிம்பு சட்டென்று குளிர்ந்து கடினமாகிறது. முதுகு மெதுவாகக் குளிர்ந்து முறியாத உறுதியோடு நிற்கிறது. அந்த அழகான வளைவு முழுமை பெறுவதும் இந்த நொடியில்தான். கடினமும் மென்மையும் சந்திக்கும் எல்லை வெண்மையான ஒரு கோடாகத் தங்கிவிடும். அதன் பெயர் ஹமோன். சிலருடையது நேர்கோடு, சிலருடையது அலை, சிலருடையது கிராம்பு மொட்டுகளை வரிசையாக வைத்தது போல இருக்கும். அருங்காட்சியகத்தில் நானும் முழங்காலை மடித்து, தலையைச் சாய்த்து, விளக்கு வெளிச்சம் வாளில் விழும் கோணம் தேடி ஒவ்வொன்றையும் பார்த்தேன். "தாத்தா, உடற்பயிற்சி வகுப்பா?" என்று பேத்தி கேலி செய்தாள்.

அங்கே நான் எதிர்பாராத ஒன்று உண்டு. பல வாள்களுக்குக் கைப்பிடியும் இல்லை, உறையும் இல்லை. வெறும் இரும்பாகவே கிடத்தியிருந்தார்கள். மேற்பகுதி நிலவு போல ஒளிர, கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதி கன்னங்கரேலென்று துருவேறியிருந்தது. இவ்வளவு பாதுகாக்கிறவர்கள் துருவை ஏன் விட்டுவைத்தார்கள் என்று யோசித்தேன். விவரம் பிறகு தெரிந்தது. அந்த அடிப்பகுதிக்கு நகாகோ என்று பெயர். அதன் துருவைத் துடைக்கவே கூடாது!

காரணம் இதுதான். கொல்லர் தன் பெயரையும் ஊரையும் வெட்டுவது அந்த இடத்தில்தான். சிலர் ஆண்டையும் வெட்டுவார்கள். எழுநூறு வருடத் துரு ஒரு நிறம், நூறு வருடத் துரு ஒரு நிறம். துருவின் ஆழமும் நிறமும் வாளின் வயதுக்குச் சாட்சி. எழுத்து பழையதா, பிற்காலத்தில் எவனோ வெட்டிய கள்ளக் கையெழுத்தா என்பதையும் அந்தத் துருதான் காட்டிக்கொடுக்கும். கள்ளக் கையெழுத்து அங்கே புதிதல்ல. 17ஆம் நூற்றாண்டில் கொத்தேட்சு என்ற புகழ்பெற்ற கொல்லர் இருந்தார். அவர் பெயர் வெட்டிய வாளைக் கண்டால் முதலில் போலி என்றே எண்ணிக்கொள் என்று சொல்லும் அளவுக்கு அவர் பெயரில் போலிகள் பெருகின. துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கியவன் அந்தச் சாட்சியையே அழித்துவிடுகிறான். பெருமதிப்புள்ள வாள் ஒரே மாலையில் மதிப்பு இழந்துவிடும்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி, எங்கள் ஆசிரியர் கூட்டத்துக்கு மிகவும் பிடிக்கக்கூடிய செய்தி. வாள் ரசிகர்கள் கூடும்போது கன்தேய் என்று ஒரு பயிற்சி நடத்துவார்கள். பெயர் வெட்டிய அடிப்பகுதியை மூடிவிட்டு வாளை மட்டும் கொடுப்பார்கள். வளைவு, நீளம், அகலம் பார்த்துக் காலத்தைச் சொல்ல வேண்டும். எஃகின் வரிகளைப் பார்த்து ஊரையும் மரபையும் சொல்ல வேண்டும். ஹமோனைப் பார்த்துக் கொல்லரின் பெயரையே சொல்ல வேண்டும். யமாஷிரோ, யமாத்தோ, பிசென், சோஷூ, மினோ என்று ஐந்து பெரிய மரபுகள் உண்டு. விடையைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் நடுவர் திருத்தித் தருவார். ஆளைச் சரியாகச் சொன்னால் முழு வெற்றி. அவருடைய நெருங்கிய சீடரைச் சொல்லியிருந்தாலும் பெரும்பாலும் அதற்குச் சமமான மதிப்பு உண்டு, ஏனென்றால் நீ பார்த்தது சரிதான்.

நினைவிருக்கிறதா பிள்ளைகளே? பெயர் எழுதாமல் கொடுத்த விடைத்தாளைக் கையெழுத்தைப் பார்த்தே "இது நீதானே" என்று நீட்டுவேன். எப்படி சார் கண்டுபிடிச்சீங்க என்பீர்கள். இதுவும் அதே வித்தைதான். நிறையப் பார்த்த கண்ணுக்கு மட்டும் வரும்.

இந்த வித்தையைப் பரம்பரையாக வளர்த்தது ஹோனாமி என்ற குடும்பம். ஆட்சியாளர்களுக்காக வாள் தீட்டுவதும் மதிப்பிடுவதும் அவர்கள் தொழில். மதிப்பிட்டபின் மடித்த தாளில் சான்று எழுதித் தருவார்கள். மடித்த தாளுக்கு ஜப்பானிய மொழியில் ஓரிகாமி என்று பெயர். உங்கள் பிள்ளைகள் பறவை மடிக்கிறார்களே, அதே சொல்! இன்றும் ஜப்பானியர் ஒன்றை உத்தரவாதமானது என்று சொல்ல, "ஓரிகாமி உள்ளது" என்ற பொருளில் பேசுகிறார்கள்.

வாளைக் கையில் வாங்கும் முறையும் உண்டு. முதலில் வாளுக்கு ஒரு வணக்கம். வாளின் மேல் குனிந்து பேசக் கூடாது, மூச்சின் ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். விரல் படவே கூடாது. அடுத்தவரிடம் கொடுக்கும்போது கூர்ப்பக்கம் கொடுப்பவரை நோக்கியே இருக்க வேண்டும். பார்த்து முடித்ததும் மென்தாளால் துடைத்து, கிராம்பு மணக்கும் எண்ணெயை மெல்லிசாகப் பூசி உறையில் இடுவார்கள். ஒவ்வொரு முறை சாணைக்கல்லில் தீட்டும்போதும் எஃகு கொஞ்சம் கரைகிறது. அதனால் தேவையில்லாமல் தீட்டுவதும் குற்றம்தான். ஒரு வாள் எழுநூறு வருடம் நிலைத்திருக்கிறது என்றால் இருபது முப்பது தலைமுறையினர் யாரும் அலட்சியம் செய்யவில்லை என்று பொருள். நடுவில் ஒருவர் மட்டும் எண்ணெய் போட மறந்திருந்தாலும் கதை முடிந்திருக்கும்.

வாளுக்கு வந்த சோதனைகளும் குறைவல்ல. 1588இல் ஹிதேயோஷி விவசாயிகளிடமிருந்து வாள்களைப் பறித்தார். பெரிய புத்தர் சிலைக்கு ஆணியும் பட்டையும் செய்வதற்கு என்று காரணம் சொன்னார். உண்மையில் கிளர்ச்சி வரக் கூடாது என்பதுதான் நோக்கம். 1876இல் மெய்ஜி அரசு, பொது இடத்தில் வாள் அணிவதையே தடை செய்தது. சாமுராய்களின் காலம் முடிந்தது. கொல்லர்களுக்கு வேலை போனது. பலர் அரிவாளும் சமையல் கத்தியும் அடிக்கப் போனார்கள். அந்த வறட்சியிலும் கலையைக் கைவிடாத கஸ்ஸான் சதகாசு, மியாமோத்தோ கனெனோரி என்ற இரு கொல்லர்களை 1906இல் அரண்மனைக் கலைஞர்களாக நியமித்தார்கள்.

பெரிய சோதனை வந்தது 1945இல். போரில் தோற்ற ஜப்பானில் அமெரிக்கப் படை இறங்கியது. எல்லா ஆயுதங்களையும் ஒப்படையுங்கள் என்று உத்தரவு. அதில் தவறு சொல்ல எனக்கு வாய் வராது. ஆசியா முழுக்க அந்த வாள் செய்ததை உலகம் பார்த்திருந்தது. அதிகாரிகள் அணிந்தவற்றில் பெரும்பாலானவை ஆலையில் மொத்தமாகச் செய்தவை. ஆனால் சிலர் தங்கள் வீட்டுப் பரம்பரை வாளுக்கு இராணுவ உறை மாட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஆலை இரும்பும் அறுநூறு வருடக் கலைப்பொருளும் ஒரே குவியலில் விழுந்தன. லட்சக்கணக்கானவை உருக்கப்பட்டன, கடலில் கொட்டப்பட்டன, சிப்பாய்களின் பெட்டியில் நினைவுப்பொருளாகக் கப்பலேறின.

இங்கே இரண்டு வாள்களின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஒன்று ஹோன்ஜோ மசமுனே. மசமுனே என்பவர் 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 14இன் தொடக்கத்திலும் காமகுராவில் வாழ்ந்த கொல்லர். ஜப்பானில் அவரை மிஞ்சிய பெயர் இல்லை. ஹோன்ஜோ என்ற தளபதியின் தலைக்கவசத்தை ஒரு போரில் இந்த வாள் பிளந்தது என்றும், உயிர் தப்பிய தளபதி எதிரியை வென்று வாளை எடுத்துக்கொண்டார் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். பிறகு பல கைகள் மாறி, ஜப்பானை ஆண்ட தொக்குகாவா குடும்பத்துக்கு வந்து தலைமுறை தலைமுறையாக இருந்தது. அரசு அதைத் தேசியப் பொக்கிஷமாகவும் அறிவித்திருந்தது. 1945 டிசம்பரில் அந்தக் குடும்பத்தின் தலைவர் தொக்குகாவா இயெமசா, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அதையும் மற்ற வாள்களையும் மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். அடுத்த மாதம் அமெரிக்கச் சார்ஜென்ட் ஒருவர் வந்து வாங்கிப்போனதாகச் சொல்கிறார்கள். அதன்பின் இன்றுவரை அந்த வாளை யாரும் கண்டதில்லை. உருகிப் போயிருக்கலாம். எங்கோ ஒரு வீட்டுப் பரணில் துருவேறிக் கிடக்கவும் கூடும்.

இன்னொன்று, பிசென் மரபைச் சேர்ந்த குனிமுனே என்ற கொல்லர் 13ஆம் நூற்றாண்டில் செய்த வாள். தெற்கே ககோஷிமா நகரத்தில் தெருகுனி ஆலயத்துக்குச் சொந்தம். அதுவும் தேசியப் பொக்கிஷம். அதுவும் போருக்குப் பின் காணாமல் போனது. பல வருடம் கழித்து அமெரிக்காவில் வால்டர் காம்ப்டன் என்பவர் கையில் அது கிடைத்தது. அவர் ஒரு மருந்து நிறுவனத்தின் தலைவர், ஜப்பானிய வாள்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். வாள் சேகரிப்பவனுக்கு இதைவிடப் பெரிய வேட்டை வாழ்நாளில் கிடைக்காது. ஆனால் அது எந்த ஆலயத்துப் பொருள் என்று தெரிந்ததும், 1963இல் ஒரு காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்று அந்த வாள் அது போகவேண்டிய ஊரிலேயே இருக்கிறது.

இரண்டுமே பறிபோன பொருள்கள்தாம். ஒன்று இருட்டில் மறைந்தது, ஒன்று வீடு திரும்பியது. நடுவில் வித்தியாசம், கிடைத்தவருக்கு அது என்னவென்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

மிச்ச வாள்கள் பிழைத்ததும் அப்படித்தான். ஹோன்மா ஜுன்ஜி, சாத்தோ கன்சான் என்ற வாள் அறிஞர்கள் அமெரிக்க அதிகாரிகளிடம் போய் மன்றாடினார்கள். ஆயுதமாகச் செய்ததை அழியுங்கள், கலையாக நிற்பதை விட்டுவையுங்கள் என்பதுதான் கோரிக்கை. கர்னல் காட்வெல் என்ற இராணுவக் காவல்துறை அதிகாரி அதைக் காதுகொடுத்துக் கேட்டார். எது கலை, எது வெறும் ஆயுதம் என்று ஆராய்ந்து பிரிக்க அனுமதி கிடைத்தது. எதிரி நாட்டு அதிகாரி ஒருவர் உட்கார்ந்து கேட்டதால் ஒரு கலை பிழைத்தது! டோக்கியோவின் அகபானே கிடங்கில் குவிந்திருந்தவற்றிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வாள்களைப் பொறுக்கி எடுத்து, 1947இல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். அரை நூற்றாண்டு கழித்து, உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கத் தனிச் சட்டமே போட்டார்கள். உரியவர் கிடைக்காத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை 1999இல் நாடெங்கும் உள்ள பொது அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 1948இல் இந்த அறிஞர்கள் முன்னின்று தொடங்கிய சங்கம்தான் நான் பார்த்த அருங்காட்சியகத்தை நடத்துகிறது. அணைந்துபோன ததாரா உலையை 1977இல் ஷிமானே மாவட்டத்து மலைக்கிராமத்தில் மறுபடி ஏற்றியதும் அவர்கள்தான். இன்றைய கொல்லர்களுக்கு எஃகு அங்கிருந்து வருகிறது. கொல்லராக உரிமம் வேண்டுமென்றால் குறைந்தது ஐந்து வருடம் குருவிடம் பயில வேண்டும்.

இப்போது மாணவனுக்குப் பதில்.

தம்பி, நீ அனுப்பிய படத்தில் அடிப்பகுதி வரை பளபளக்கிறது. எனக்கு அது ஒன்றே போதும். ஒன்று அது புதுச்சரக்கு, இல்லையென்றால் யாரோ துருவைத் தேய்த்துக் கெடுத்த பழஞ்சரக்கு. இரண்டுக்கும் பணம் கொடுக்காதே. ஜப்பானில் பழைய வாள் ஒவ்வொன்றுக்கும் பதிவுச் சான்று உண்டு, மாவட்டக் கல்வி வாரியம் தருகிறது. ஆமாம், கல்வி வாரியம்! அந்தச் சான்று ஆளுக்கு அல்ல, வாளுக்கு. கைமாறினால் புது உரிமையாளர் இருபது நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். நாட்டை விட்டு வெளியே போகக் கலாசார முகமையின் அனுமதித் தாள் வேண்டும். தேசியப் பொக்கிஷங்கள் வெளியே போகவே முடியாது. உன்னிடம் விற்பவரிடம் தாள் கேள், ஆள் காணாமல் போய்விடுவார். அதோடு நீ இருக்கும் நாட்டின் ஆயுதச் சட்டத்தையும் முதலில் விசாரி. உண்மையிலேயே ஆசை இருந்தால் ஐந்து வருடம் அருங்காட்சியகங்களில் பார், புத்தகம் வாங்கிப் படி. வாளை அதன்பின் யோசிக்கலாம். நல்ல சேகரிப்பாளர்கள், இது என்னுடையது என்று சொல்வதில்லை. என் காலத்தில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் சொல்கிறார்கள். அந்த எண்ணம் வராதவன் வாங்கக் கூடாது.

அத்தைக்குப் பதில் சொல்வதுதான் கடினம்.

உறவினர்களுக்குத் தெரியும், தாத்தாவின் நினைவாக நம் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பாக்குவெட்டி. போர் முடிந்து பாட்டி குழந்தைகளோடு கப்பலில் ஊர் திரும்பியபோது முந்தானையில் முடிந்து கொண்டுவந்தது. அதில் தாத்தா ஆணியால் கீறிய தன் பெயர் இருந்தது. எனக்குப் பதினான்கு வயது இருக்கும்போது, ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்கிறேன் என்று உப்புத்தாளால் அரை நாள் தேய்த்தேன். பளபளவென்று ஆனது. பெயர் போய்விட்டது. அத்தை அதைக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

டோக்கியோவில் அந்தக் கறுத்த துருவைக் கண்ணாடிக்குள் பார்த்தபோது அந்தக் கட்டைவிரல்தான் ஞாபகம் வந்தது.

அத்தை, அந்தக் கத்தி செய்த கொடுமையை நான் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது. நான் பார்க்கப் போனது கத்தியைத் தூக்கியவர்களை அல்ல. பெயரைத் துருவோடு சேர்த்துக் காப்பாற்றியவர்களைப் பார்த்தேன். அது எனக்குத் தெரியாமல் போனதால்தான் தாத்தாவின் கையெழுத்தைத் தொலைத்தேன். நேற்று இதை அத்தையிடம் நேரில் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பாக்குவெட்டியை இனிமே தேய்க்காம வச்சிரு" என்றார். அவ்வளவுதான். அதுவே எனக்குப் போதும்.

உங்கள் எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். வீட்டில் தாத்தா பாட்டி விட்டுப்போன பொருள் ஏதாவது இருந்தால், அது உழக்கானாலும் சரி, அரிவாள்மணையானாலும் சரி, தேய்ப்பதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். எழுத்து ஏதாவது தெரிந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். யாருடையது, எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

பதிவுகளைப் படித்துவிட்டு வழக்கம்போல எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பேன். ஜாக்கிரதை!

என்றும் அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் வாத்தியார்